குளித்துவிட்டு உள்ளே வரவும்

என் வாழ்நாளில் ஒரு அரசாங்க அதிகாரியைக் குளிக்க வைத்திருக்கிறேன். அதுவும் ஒரு தடவை இல்லை, ஒரே காலையில் இரண்டு தடவை. இதைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர் எதிர்வீட்டு அக்கா வாயால் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். அக்கா சொல்லும் கதையில் நான் அவருக்கு முதுகு தேய்த்துவிட்டதாகவும் வருகிறது. அது சுத்தப் பொய். சோப்பு மட்டும்தான் கொடுத்தேன்.

எங்கள் வீடு, மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போகிற பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பி, கால்வாயைத் தாண்டினால் வரும் சின்ன ஊரில் இருக்கிறது. நான் பிறந்தது ஹனூர் பக்கம், வாழ்க்கைப்பட்டது இங்கே. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, முன்னால் தகரம் போட்ட போர்ட்டிகோ, பின்னால் முக்கால் ஏக்கர் மல்பெரி. அந்த ஹாலில் அப்போது நாங்கள் குடியிருக்கவில்லை. பட்டுப்புழு குடியிருந்தது. தனியாகப் புழு மனை கட்ட வசதி இல்லாதவர்கள் வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது இந்தப் பக்கம் சகஜம். புழு வந்துவிட்டால் கட்டில், டிவி, அரிசி மூட்டை எல்லாம் ரூமுக்குப் போய்விடும். அவற்றுக்கு நடுவில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நாம் சொருகிக்கொள்ள வேண்டும். மூன்று வாரத்துக்கு வீடு புழுவுடையது, நாம் அதன் வேலைக்காரர்கள்.

புழுதானே என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு படுத்த மாட்டார்கள். ஊதுபத்தி ஆகாது, கொசுவத்தி ஆகவே ஆகாது. பீடி குடித்த வாய், புகையிலை பிடித்த கை, செண்ட், பவுடர் எதுவும் ஆகாது. ஊஜி என்று ஒரு ஈ இருக்கிறது. அது ஒன்றே ஒன்று உள்ளே புகுந்து புழுவின் மேல் முட்டை வைக்க ஆரம்பித்தால் முடிந்தது கதை. அதனால் ஜன்னலுக்கெல்லாம் நைலான் வலை, வாசலில் ஒரு வலைக்கதவு. யார் உள்ளே வந்தாலும் குளித்து, வீட்டோடு இருக்கும் துணியை உடுத்தி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தட்டில் காலை நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும். கட்டின புருஷனுக்கும் இதே சட்டம்தான். எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லி அட்டையில் கன்னடத்தில் எழுதி வாங்கி வலைக்கதவில் மாட்டியிருந்தேன்: குளித்துவிட்டு உள்ளே வரவும்.

நான் இவ்வளவு கெடுபிடி செய்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்னால் மூன்று பேட்ச் வரிசையாகப் போயிருந்தது. முதலாவதை ஊஜி தின்றது. இரண்டாவதில் பால்புழு, உடம்பு ஊதி, தொட்டால் வெள்ளையாக வடியும். மூன்றாவது, இன்னும் நாலே நாளில் கூடு கட்ட வேண்டிய புழு, பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து மொத்தமும் சுருண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் குழி வெட்டி, தட்டு தட்டாகக் கொட்டி மூடினார். மூடி முடித்து மண்வெட்டியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். நான் அழுதேன், அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் மாதேஸ்வரன் மலைக்குப் போய்க் கும்பிட்டோம். இறங்கும்போது, கொள்ளேகால் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னும் ஒரே ஒரு பேட்ச் புள்ள. அதுவும் போச்சுன்னா செடியெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு மைசூருக்கே போயிரலாம். இனி நான் அந்த ஹாலுக்குள்ள கால் வெக்கறதில்ல. நீயாச்சு, உன் புழுவாச்சு."

அவர் மைசூரில் டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்குப் போகிறவர். ஊர் கிட்டத்தில்தான் என்றாலும் வேலை இருட்டும் வரை நீளும் என்று அங்கேயே தங்கிவிடுவார்; திங்கள் காலை போனால் சனிக்கிழமை சாயங்காலம் வருவார். அங்கே ஒரு ரூமில் கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் நானும் இருந்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவர் இடிக்கும். அந்த இரண்டு வருஷத்தில் நான் செய்த ஒரே வேலை, அவர் எப்போது வருவார் என்று உட்கார்ந்திருந்தது. அந்த ரூமை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் மூச்சு முட்டும். இந்த பேட்ச் தேறவில்லை என்றால் மறுபடி அந்த ஜன்னல்தான்.

சொன்ன சொல்லை மனிதர் காப்பாற்றினார். சனிக்கிழமை வந்தால் போர்ட்டிகோவில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மல்பெரி இலையை மட்டும் வெட்டி, கட்டுக் கட்டாக வலைக்கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். புழு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை? கிடையாது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் புழு இலை தின்ற வேகத்தில் நான் அவரைத் தின்றிருப்பேன்.

இதற்கு நடுவில் எங்கள் மகளிர் சங்கத்துக்கு ஒரு வக்கீலம்மா வந்து பேசினார். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததுதான் காரணம். அவர்கள் ஹாலில் சின்னதாக ஒரு மாவு மில் வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஆய்வுக்கென்று நாலு பேர் வந்து, நேராக உள்ளே போய், பீரோவுக்குப் பின்னால் வரைக்கும் பார்த்து, எதிலோ கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வந்தது எந்த ஆபீஸ் என்றுகூட அந்த வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் அந்த வீட்டைக் கடை என்று எழுதி வரியை ஏற்றிவிட்டதாகத் தபால் வந்தது. அடுத்தது யார் வீடு என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

வக்கீலம்மா சொன்னது எனக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. வாசல் உங்களுடையது என்றார். வந்தவர் யார் என்று கேளுங்கள், அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள், எந்த உத்தரவில் எதைப் பார்க்க வந்தார் என்று எழுத்தில் கேளுங்கள். பொழுது சாய்ந்தபின் வந்தால் காலையில் வரச் சொல்லுங்கள். நீங்கள் தனியாக இருந்தால் கூட ஒரு பெண் ஊழியரை அழைத்து வரச் சொல்லுங்கள். அந்த வீட்டு வழக்கத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் யாரும் உள்ளே வர வேண்டும். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், போட்டால் காப்பி வாங்காமல் விடாதீர்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆனா கைகலப்பு, கத்தல், கேட்டைப் பூட்டறது எதுவும் வேண்டாம்மா. கேக்கறது உங்க உரிமை. வேலையைத் தடுத்தா அது குத்தம்" என்றும் சொன்னார்.

கத்தக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, எத்தனை மணிக்கு இலை போட வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்த தாளுக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதி ஒட்டினேன். இலை போடும்போதெல்லாம் புழுவைப் பார்த்து ஒத்திகை பார்த்தேன். "ஏனுங்க சார், ஐடி கார்டு காட்டுங்க சார்." புழு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தின்னப் போய்விடும்.

நாலாவது தடவை தோலுரித்து எழுந்த புழு ஏழெட்டு நாள் பேய்த்தீனி தின்னும், அப்புறம் கூடு கட்டும். அதில் நாலாம் நாள், புதன்கிழமை. பொழுது இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் ஹாலில் இலை போட்டுக்கொண்டிருக்கிறேன். வாசலில் ஜீப் சத்தம். மனிதர் வருவதற்கு முன்னால் அவர் செண்ட் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல் இல்லாத ஒரு ஆள், வலைக்கதவின் கொக்கியில் கையை வைத்திருக்கிறார்.

"நில்லுங்க!"

கத்தக் கூடாது என்பது அந்த இடத்திலேயே காற்றில் போயிற்று. எதிர்வீட்டு அக்கா வெளியே ஓடி வந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கையைச் சுட்டதுபோல எடுத்துக்கொண்டார். நான் வெளியே வந்து வலைக்கதவைச் சாத்தி, அதற்கு முதுகைக் கொடுத்து நின்றேன். அவர் பேசியது கன்னடம், நான் பேசியது எனக்கு வரும் கன்னடம். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்கிறேன்.

"இன்ஸ்பெக்‌ஷன். உள்ளே பார்க்கணும்," என்றார்.

"ஐடி கார்டு காட்டுங்க சார்."

காட்டினார். வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, போட்டோவையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தேன். போட்டோவில் முடி அதிகம். அவர் எந்த ஆபீஸ் என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் படித்துவிட்டு மறுபடி வருவார்.

"எதைப் பார்க்க வந்தீங்க சார்? எழுத்துல கொடுங்க."

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. உங்க வீட்டுல..."

"சொல்றதெல்லாம் வேண்டாம் சார். பேப்பர்."

"பேப்பர் ஆபீஸ்ல இருக்கு. இது திடீர்னு வந்து பார்க்கற ஆய்வு. உங்க வீட்டுக்காரருக்கே..."

"வீட்டுக்காரர் ஊர்ல இல்ல. நான் பொம்பள தனியா இருக்கறேன். ஒரு பெண் ஊழியரைக் கூட்டிட்டு வாங்க. அதுவுமில்லாம பொழுது சாஞ்சாச்சு சார். பொழுது சாஞ்சா வீட்டுக்குள்ள வர முடியாது."

இது அவருக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. "எங்கே சாஞ்சிருக்கு? அதோ வெயில் இருக்கே!" என்று மேற்கே கையைக் காட்டினார். நான் பார்த்தேன். அவர் பார்த்தார். ஜீப்பிலிருந்து டிரைவரும் இறங்கிப் பார்த்தார். தென்னந்தோப்புக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ இருந்தது. அது சூரியனா, சூரியன் போன இடமா என்று சொல்ல முடியவில்லை. போனில் பார்க்கலாம் என்றார் டிரைவர். போனில் பார்த்தால் இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி என்று காட்டியது. மூன்று பேரும் இரண்டு நிமிஷம் அப்படியே மேற்கே பார்த்து நின்றோம். எதிர்வீட்டு அக்கா அவள் வாசலிலிருந்து தீர்ப்புச் சொன்னாள்.

"மாடே வீட்டுக்கு வந்துருச்சு சார். நீங்களும் வீட்டுக்குப் போங்க!"

டிரைவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு உத்தரவோடு வருகிறேன் என்று சொல்லி ஜீப்பில் ஏறினார். நான் பின்னாலேயே போய், "வரும்போது செண்ட் போடாம வாங்க சார்" என்றேன். அதை மரியாதையாகத்தான் சொன்னேன்.

ஜீப் போனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே குதித்தோம். உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, ஆபீசர் வந்தாரு. நான் திருப்பி அனுப்பிட்டேன்!"

"ஐயோ" என்றார்.

"என்னது ஐயோ?"

"திருப்பி அனுப்பிட்டியா? எந்த ஆபீசரு? ஒண்ணும் பேப்பர் கொடுக்கலியா?"

"நாளைக்கு வர்றாராம்."

"வந்தா உள்ள விட்டுரு புள்ள. ஒண்ணும் பேசாத. விட்டுரு."

"மேலெல்லாம் செண்ட்டு! அப்படியே உள்ள விட்டா புழு என்னத்துக்கு ஆவறது?"

"விட்டுருன்னா விட்டுரு." போனை வைத்துவிட்டார்.

குதித்துக்கொண்டிருந்த கால் அப்படியே நின்றது. அன்றைக்குத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இந்த மனிதருக்கு இந்த பேட்ச்சும் போனால்தான் நிம்மதி. போய்விட்டால் செடியைப் பிடுங்கலாம், வீட்டைப் பூட்டலாம், என்னை அந்த ஜன்னலுக்கு முன்னால் உட்கார வைக்கலாம். இப்படி நினைத்துக்கொண்டு இலை போட்டேன். இலை மேல் கண்ணீர் விழக் கூடாது, ஈர இலை புழுவுக்கு ஆகாது. அதனால் தள்ளி நின்று அழுதுவிட்டு வந்து மறுபடி போட்டேன்.

காலை ஒன்பது மணிக்கு டாண் என்று ஜீப் வந்தது. இந்தத் தடவை கையில் ஃபைல், கூட ஒரு பெண் ஊழியர். முப்பது வயது இருக்கும், சுடிதார், சிரித்த முகம். அதிகாரி உத்தரவை நீட்டினார். நான் வாங்கிப் படித்தேன். படித்தேன் என்றால், ஹனூரில் எட்டாவது வரை தமிழில் படித்தவள் நான். கன்னடத்தில் பஸ் போர்டு, ரேஷன் கார்டு, என் பெயர், இவ்வளவு வரும். ஆபீஸ் கன்னடம் வராது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளலாமா? முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, அன்றைய தேதி இருந்தது. கண்ணை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டி, நடுவில் ஒரு இடத்தில் புருவத்தைச் சுருக்கி, "ம், சரி" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"இப்போ உள்ளே போகலாமா?" என்றார் அதிகாரி.

"தாராளமா சார். குளிச்சுட்டு வாங்க."

"குளிச்சுட்டுத்தாம்மா வந்தேன்!"

"அது உங்க வீட்டுக் குளியல் சார். இங்க வேற."

அவர் அட்டையைப் படித்தார். என்னைப் பார்த்தார். தான் ஒரு அரசாங்க ஊழியர் என்று எனக்கு ஞாபகப்படுத்தினார். "எனக்குத் தெரியும் சார். புழுவுக்குத் தெரியாதே," என்றேன். வீட்டு வழக்கத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம் என்று வக்கீலம்மாவையும் துணைக்கு இழுத்தேன். அவர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார், அவள் தன் பக்கம் பேசுவாள் என்று. அவளோ அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டி, "அக்கா, எனக்கு ஒரு பழைய நைட்டி கொடுங்க. எங்க அம்மா வீட்டுலயும் புழுதான்" என்று பின்பக்கம் நடந்துகொண்டிருந்தாள். அந்த நிமிஷமே அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன்.

அவள் ஐந்து நிமிஷத்தில் குளித்து வந்துவிட்டாள். அதிகாரிக்கு என் வீட்டுக்காரரின் நீலக் கட்டம் போட்ட லுங்கியும் பனியனும் கொடுத்தேன். குளியலறைக்குள் போனார். எதிர்வீட்டு அக்கா கூப்பிடாமலே வந்து வாளி வாளியாகத் தண்ணீர் நிறைத்து வைத்தாள். அவள் சொந்த மாமனாருக்குக்கூட அப்படி இறைத்திருக்க மாட்டாள். லுங்கியில் வெளியே வந்தவரைக் கிட்டே போய் மோந்து பார்த்தேன். செண்ட் போயிருந்தது. அடியில் வேறு ஏதோ வாசம்.

"சார், கைக்கு என்ன தடவியிருக்கீங்க?"

"கொசு கடிக்கும்னு க்ரீம்."

அக்கா "அய்யய்யோ" என்று தலையில் கை வைத்தாள். கொசுவைத் துரத்துகிற க்ரீம் புழுவை விட்டு வைக்குமா? "சார், தயவுபண்ணி இன்னொரு தடவை. முழங்கை வரைக்கும் நல்லாத் தேய்ங்க," என்று புதுச் சோப்பைப் பிரித்துக் கொடுத்தேன். மனிதர் சோப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். குளியலறைக்குள்ளிருந்து முணுமுணுப்பு கேட்டது. அந்தப் பெண் ஊழியர் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்ததில் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சேர்ந்து சிரித்தால் அதிகாரிக்குக் கேட்டுவிடும் என்று நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

கடைசியில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற லுங்கியில், தலை சொட்டச் சொட்ட, பிளீச்சிங் தண்ணீரில் காலை நனைத்து, அரசாங்கம் என் வீட்டுக்குள் வந்தது.

அப்போதுதான் இலை போட்டிருந்தேன். ஹால் முழுக்கச் சலசலவென்று தின்கிற சத்தம். அதிகாரி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஃபேன் ஓடுதா?"

"புழு சார்."

"இவ்வளவு சத்தமா?" அடுக்கடுக்காக இருந்த தட்டுகளுக்குக் கிட்டே குனிந்தார். மைசூர் டவுனில் பிறந்து வளர்ந்தவராம். பட்டுச் சேலை பார்த்திருக்கிறார், புழுவைப் பார்த்ததில்லையாம். ஒரு இலை போட்டுப் பார்க்கலாமா என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டார். போட்டார். அது மறைகிறவரை பார்த்துவிட்டு இன்னொன்று போட்டார். அந்தப் பெண் டேப்பைப் பிடித்து ஹாலை அளந்து, தட்டுகளைப் பார்த்து, எழுதிக்கொண்டே இருந்தாள். சிரிப்பெல்லாம் சரி, இப்போது என்ன எழுதுகிறார்கள்? என் வீட்டையும் கடை என்று எழுதுவார்களோ? எழுதினால் என் வீட்டுக்காரர் இதையே சாக்காக வைத்துச் செடியைப் பிடுங்கிவிடுவாரே?

போர்ட்டிகோவுக்கு வந்ததும் அதிகாரி ஃபைலைத் திறந்து, ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"படிக்காம போட மாட்டேன் சார்."

"படிங்க. அதுக்குத்தானே வெச்சிருக்கேன்."

தாளைக் கையில் எடுத்தேன். அச்சடித்த ஃபாரம். நிரப்பியிருந்தது பேனாவில். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கேயோ இடித்தது. எழுத்தெல்லாம் கோணல், வரி மட்டும் நூல் பிடித்ததுபோல நேர். டைல்ஸ் ஒட்டுகிறவர் கை. நிலத்துக்காரர் என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயர், அவர் கையெழுத்து. அதற்குக் கீழே இன்னொரு பெயர். அதை எனக்குக் கன்னடத்தில் படிக்கத் தெரியும். என் பெயர்.

"சார், இது என்ன?"

"உங்க அப்ளிகேஷன்தாம்மா. புழுவுக்குத் தனி மனை கட்ட உதவி கேட்டுப் போட்டிருக்கீங்க. புழு வளர்க்கறவர்னு உங்க பேர் இருக்கு. நிஜமாவே வீட்டுல புழு இருக்கான்னு சொல்லாம வந்து பார்த்துட்டு, உங்க கையெழுத்து வாங்கணும். நேத்தே சொல்லியிருப்பேன். எங்கே பேச விட்டீங்க?" இடுப்பில் நான் செருகியிருந்த உத்தரவைக் காட்டினார். "அதுலயும் இதேதான் இருக்கு. காலையில படிச்சீங்களே!"

என் முகத்தில் ஈயாடவில்லை. ஊஜிகூட ஆடவில்லை. அவரை உள்ளே விடாமல் விரட்டியது, மேற்கே பார்த்து நிற்க வைத்தது, இரண்டு தடவை குளிக்க வைத்தது எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தது. "சார், நான் நேத்து உங்களை..." என்று இழுத்தேன்.

அந்தப் பெண்தான் என்னைக் காப்பாற்றினாள். "நேத்து நீங்க உடனே உள்ள விட்டிருந்தாத்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்கா. நாலு தட்டைக் காட்டி ஏமாத்தறவங்கதான் வா வான்னு கூப்பிடுவாங்க. நிஜமா வளர்க்கறவ யாரு விடுவா?" அதிகாரி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "அதையும் எழுதிக்கோ" என்றார்.

நான் தேதியைப் பார்த்தேன். எண் எனக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்கியதற்கு மறுநாள் தேதி. செடியைப் பிடுங்கிவிடுவேன் என்று பஸ்ஸில் சொன்ன மனிதர், மறுநாளே எங்கேயோ போய் வரிசையில் நின்று, என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். அதிகாரி பயந்துபோய் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். கையெழுத்தைத் தமிழில் போட்டேன். அழுதாலும் காப்பி கேட்க மறக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு நான் போன் செய்யவில்லை. இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது என் வாழ்க்கையிலேயே பெரிய சாதனை.

சனிக்கிழமை மத்தியானமே புழு பழுக்கத் தொடங்கிவிட்டது. உடம்பு கண்ணாடி போலாகி, தின்பதை விட்டுத் தலையைத் தூக்கி இடம் தேடும். அக்காவையும் குளிக்க வைத்து உள்ளே இழுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் பொறுக்கிப் பொறுக்கிக் கூடு கட்டும் மூங்கில் தட்டிகளில் விட்டோம். ஒரு பால்புழு இல்லை. ஒரு ஊஜி இல்லை. பொழுது சாயும்போது முதலில் விட்டவை நூல் இழுக்க ஆரம்பித்திருந்தன. அக்கா தன் மாட்டைப் பார்க்கப் போனாள். கேட் சத்தம் கேட்டது.

நான் வலைக்கதவுக்கு உள்ளே நின்றேன். அவர் போர்ட்டிகோவில் பையை வைத்தார்.

"நில்லுங்க. ஐடி கார்டு இருக்குதா?"

"என்ன புள்ள விளையாட்டு?"

"நோட்டீஸ் கொடுத்தீங்களா? பொழுது வேற சாஞ்சாச்சு."

காப்பியை வலையில் ஒட்டிப் பிடித்தேன். கிட்டே வந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் காலைப் பார்த்தார்.

"பஸ்ஸுல என்ன சொன்னீங்க?" என்றேன்.

"பஸ்ஸுல சொன்னேன்."

"அப்பறம் இது?"

"அடுத்த நாள் காலையில எந்திரிச்சுப் பார்த்தா, நீ பாட்டுக்குத் தட்டையெல்லாம் கழுவி வெயில்ல காய வெச்சுட்டு இருந்த," என்றார்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னவாம்?"

"கிடைக்கலைன்னா? நீ இன்னொருக்கா ஏமாந்து நிக்கறதை நான் பார்க்கணுமா?"

மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் தலையை நிமிர்த்தி, வலை வழியாக என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"புழு எப்படி இருக்குது?"

அந்த பேட்ச்சில் முதல் தடவையாக அதைக் கேட்டார். நான் கொக்கியில் கை வைத்தேன். ஆனால் கழற்றவில்லை.

"குளிச்சுட்டு வாங்க. காட்டறேன்."

கொடியில் காய்ந்துகொண்டிருந்த அந்த நீலக் கட்டம் போட்ட லுங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. நான் சொல்லாமலே இரண்டு தடவை குளித்தார்.